ராமநாதபுரம் கடற்கரையில் மளிகைச் செலவும் வீட்டுச் சமையலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்ட ஒரு கடற்கரை ஊரில் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் கணக்கைப் பல ஆண்டுகளாக எழுதி வருகிறேன். எதற்காகக் கடன் கேட்கிறார்கள் என்று குறிப்பேட்டில் எழுதும்போது, கல்யாணம், வலை, மருத்துவம் என்ற காரணங்களை விட "வீட்டுச் செலவுக்கு" என்ற சொல்தான் அடிக்கடி வரும். அதைப் பிரித்துக் கேட்டால் பெரும்பகுதி அரிசி, எண்ணெய், பருப்பு, காய் என்று அடுப்படிக்குள்தான் போய் நிற்கிறது. குழுக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழுந்த கேள்விகளையும், அவற்றுக்கு நாங்கள் பேசிப் பார்த்தும் வீட்டில் செய்து பார்த்தும் கண்ட பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

மளிகைச் செலவைக் குறைக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

முதல் மாதம் எதையும் குறைக்க வேண்டாம், எழுதினால் போதும். வாங்கிய பொருள், அளவு, கொடுத்த பணம் ஆகிய மூன்றையும் அன்றன்றே எழுத வேண்டும். பிள்ளையிடம் பத்து ரூபாய் கொடுத்து வாங்கி வரச் சொன்ன சிறு பாக்கெட்டையும் விடக் கூடாது. எங்கள் வீட்டில் முதன்முதலாக இப்படி எழுதியபோது, மாதத் தொடக்கத்தில் பட்டியல் போட்டு வாங்கிய சாமான்களில் பெரிய தவறு எதுவும் தெரியவில்லை. இருபதாம் தேதிக்குப் பிறகு நாள்தோறும் வாங்கிய கால் கிலோ பருப்பும், நூறு மில்லி எண்ணெயும், சிறு பொட்டல மசாலாவும், இரவுச் சமையலுக்குத் தெம்பில்லாத நாட்களில் வாங்கிய பரோட்டாப் பார்சலும் சேர்ந்துதான் கணக்கை உடைத்திருந்தன.

சிறு பொட்டலம் மலிவாகத் தோன்றுவதற்குக் காரணம், நாம் கொடுக்கும் ரூபாயைப் பார்க்கிறோம், வாங்கும் அளவைப் பார்ப்பதில்லை. பொட்டலத்தின் மேல் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்பது இப்போது சட்டமாகவே இருக்கிறது. எழுத்து மிகச் சிறியதாக இருந்தாலும் தேடிப் பாருங்கள். எண்ணெய் வாங்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் எடை இருக்கும். ஒரே உயரத்தில் அடுக்கி வைத்திருக்கும் இரண்டு பாக்கெட்டுகளில் ஒன்றில் 910 கிராமும் மற்றொன்றில் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். விலை குறைவு என்று எடுப்பதற்கு முன் கிராமைப் படிப்பது அவசியம்.

கடல் வருமானம் ஒரே சீராக வருவதில்லையே. மாதச் சாமான் என்று எப்படித் திட்டமிடுவது?

சம்பளக்காரர் வீட்டுக்குச் சொல்லும் யோசனை இங்கே அப்படியே பொருந்தாது என்பது உண்மைதான். டீசலும் ஐஸும் சாப்பாடும் கழித்த பிறகு பங்கு பிரிக்கும் தொழிலில், ஒரு நாள் இரண்டாயிரம் வரும், அடுத்த மூன்று நாள் ஒன்றும் வராது. மாதத்தை முப்பது நாளாகப் பார்க்காமல், பாடு, அதாவது பிடிபட்ட மீன், நல்லா இருந்த நாளையே மாதத்தின் முதல் தேதியாகக் கொள்ளுங்கள். அந்த நாளில் பணம் கைக்கு வந்ததும், கெடாத பொருட்களில் ஒன்றையோ இரண்டையோ முழு மாத அளவுக்கு வாங்கிவிட வேண்டும். இந்த முறை எண்ணெய், அடுத்த நல்ல நாளில் துவரம்பருப்பும் உளுந்தும், அதற்கடுத்து புளியும் சோப்பும் என்று மாற்றி மாற்றி நிரப்பிக்கொண்டே வந்தால், இரண்டு மூன்று மாதத்துக்குள் வீட்டில் எப்போதும் ஒரு மாதச் சாமான் முன்கூட்டியே இருக்கும். அதற்குப் பிறகு கடல் பொய்த்த வாரத்தில் காய்க்கும் பாலுக்கும் மட்டும் பணம் தேடினால் போதும்.

மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை பெறுகிறவர்கள், அதை இந்த முன்னிருப்புக்கென்றே ஒதுக்கினால், பாடு நல்லா இருக்கும் நாளுக்குக் காத்திருக்காமலேயே தொடங்கிவிடலாம்.

மளிகைக்கடையில் பற்று வைத்து வாங்குவது தவறா?

தவறு என்று நான் சொல்ல மாட்டேன். கையில் காசில்லாமல் கடை வாசலில் போய் நிற்கும்போது அரிசியும் பருப்பும் அளந்து கொடுத்துப் பல குடும்பங்களைக் காப்பாற்றியவர்கள் நம் ஊர்க் கடைக்காரர்கள்தான். ஆனால் பற்று நோட்டு இருக்கும் கடையில் விலை கேட்க வாய் வராது; அந்தக் கடையை விட்டு வேறு கடைக்குப் போகவும் கால் வராது. வட்டி என்று எழுதாவிட்டாலும், கிலோவுக்கு ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று அது விலையில் ஏறி இருக்கும். கடையின் நோட்டுக்கு இணையாக உங்களிடமும் ஒரு நோட்டு இருக்க வேண்டும். என் உறவில் ஒரு பெண்ணுக்கு, வாங்காத ஒரு மூட்டை அரிசி இரண்டு மாதம் கழித்துக் கணக்கில் தெரிந்தது. அவரிடம் எழுத்து எதுவும் இல்லாததால் பேசவும் முடியவில்லை, கொடுத்துவிட்டு அழுதார். பழைய பாக்கியை ஒரே மூச்சில் அடைக்க முடியாவிட்டால், புதிய பற்றை நிறுத்திவிட்டு, பழையதை வாரம் இவ்வளவு என்று கட்டி வாருங்கள். புதிதாக வாங்குவதற்கு ரொக்கம் கொடுக்கும்போது விலை கேட்கும் உரிமையும் திரும்ப வரும்.

ரேஷன் பொருளை எவ்வளவு நம்பலாம்? அந்த அரிசியைப் பிள்ளைகள் சாப்பிட மறுக்கிறார்களே?

அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. வெளியில் விற்கும் விலையோடு ஒப்பிட்டால், பருப்பிலும் எண்ணெயிலும் மட்டுமே மாதம் ஏறத்தாழ இருநூறு ரூபாய் மிச்சமாகும். அரிசி பிடிக்கவில்லை என்று பருப்பையும் எண்ணெயையும் சேர்த்தே வாங்காமல் விடுகிற வீடுகள் இருக்கின்றன. அது பெரிய இழப்பு. "சரக்கு வரவில்லை" என்று சொன்னால் எப்போது வரும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து அப்படியே சொன்னால் 1967 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

அரிசியைப் பொறுத்தவரை, சோற்றுக்குப் பிடிக்காதது இட்லிக்கு நன்றாகவே இருக்கிறது. புழுங்கலரிசியை இட்லி, தோசை மாவுக்கும், பச்சரிசியைப் புட்டு, கொழுக்கட்டை, இடியாப்ப மாவுக்கும் வைத்துக்கொண்டால், கடையில் வாங்கும் அரிசி சோற்றுக்கு மட்டும் ஆகும். ரேஷன் அரிசியில் தனியாகத் தெரிகிற, சற்று வெளுத்த, தண்ணீரில் மிதக்கிற மணிகளைப் பார்த்துப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறார்கள். அவை இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் பி12 சத்தும் சேர்த்துச் செய்த செறிவூட்டப்பட்ட மணிகள். நூறு மணிக்கு ஒன்று என்ற அளவில் கலந்திருக்கும். அவற்றை எறிந்துவிட வேண்டாம், கழுவும் தண்ணீரோடு ஓடவும் விட வேண்டாம்.

விலை குறைந்த மீன் எது? எப்போது, எங்கே வாங்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நீண்ட பதில் தேவைப்படுகிறது, ஏனென்றால் கடற்கரையில் இருந்துகொண்டு மீனுக்கு அதிகம் செலவழிப்பது நம்மில் பலர் செய்கிற தவறு. விருந்தாளி வந்தால் வஞ்சிரம், ஞாயிற்றுக்கிழமை என்றால் இறால் என்று பழகிவிட்டோம். சாளை, சூடை, நெத்திலி, காரல், நகரை, கிழங்கான் போன்ற சிறு மீன்களுக்கு அந்த மதிப்பைக் கொடுப்பதில்லை. சத்தைப் பார்த்தால் சாளை எந்தப் பெரிய மீனுக்கும் குறைந்ததல்ல. இதயத்துக்கு நல்லது என்று சொல்லும் ஒமேகா 3 கொழுப்பு எண்ணெய்ச் சத்துள்ள சாளையில் நிறைய இருக்கிறது. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தே கிடைக்கிறது.

விலையை ஒப்பிடும்போது, கழிவு போக எவ்வளவு தேறும் என்று பார்க்க வேண்டும். ஒரு கிலோ சாளையில் தலையும் குடலும் செதிலும் போனால் ஏறத்தாழ 650 முதல் 700 கிராம் வரை நிற்கும். கணக்குக்காகச் சாளை கிலோ 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உண்ணும் மீன் கிலோவுக்கு 220 ரூபாய் சுமாராக ஆகிறது. துண்டு போட்ட வஞ்சிரத்தின் விலையை அதன் அருகில் வைத்துப் பாருங்கள். காரலில் முள் அதிகம், சதை குறைவு. ஆனால் அதன் சாறுதான் குழம்புக்கு ருசி. பிள்ளை பெற்ற பெண்களுக்குக் காரல் மீன் சாறு வைத்துக் கொடுக்கிற வழக்கம் நம் பக்கத்தில் இன்றும் இருக்கிறது.

எப்போது என்பது எது என்பதை விட முக்கியம். விசைப்படகுகள் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான் கடலுக்குப் போகின்றன. அவை கரைக்கு வரும் காலையில் சிறு மீனின் விலை சரிந்துவிடும். கரைவலை இழுக்கும் இடங்களில், வலை கரையேறி மீனைப் பிரிக்கும் நேரத்தில் நின்றால், எடை போடாமல் கூறு வைத்தே விற்பார்கள். மண்ணில் தார்ப்பாயை விரித்து, சாளை ஒரு குவியல், கலப்பு மீன் ஒரு குவியல் என்று பிரித்து வைத்துவிட்டு, "இன்னிக்குப் பாடு நல்லாருக்கு, ஒரு கூறு எடுத்துக்கம்மா" என்று மீன்கார அக்கா கூப்பிடும் அந்த அரை மணி நேரத்தில், இரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு கூறு வாங்கிப் பிரித்துக்கொண்டால் இருவருக்கும் லாபம். வெயில் ஏறியதும் மிச்ச மீனை இன்னும் குறைத்துக் கொடுப்பார்கள். அதை மட்டும் யோசித்து வாங்குங்கள். கண் பளிச்சென்று தெளிந்து, செவுள் சிவந்து, விரலால் அழுத்திய குழி உடனே எழும்பினால் எடுக்கலாம். சூரை, காணாங்கெளுத்தி, சாளை ஆகிய மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் உண்டாகும். எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து, தடித்து, வாந்தி வரும். இருபது ரூபாய் மிச்சம் பிடித்து மருத்துவரிடம் இருநூறு கொடுக்க நேரும்.

பெரிய மீன் வெட்டும் இடத்தில் தலை, நடுமுள், வால் பகுதி ஆகியவற்றைத் தனியாகக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். விளமீன் தலையும் பாறை தலையும் குழம்புக்குத் துண்டு மீனை விட நன்றாக இருக்கும் என்பது என் கருத்து. எங்கள் வீட்டில் அந்தத் தலைக்குத்தான் போட்டி.

மீன்பிடித் தடைக்காலத்தில் எப்படிச் சமாளிப்பது?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது; 2017க்கு முன்பு இது 45 நாட்களாக இருந்தது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லாததால் மீன் முற்றிலும் நின்றுவிடுவதில்லை, ஆனால் விலை ஏறிவிடும். அதே மே மாதத்தில்தான் பள்ளிக்கூடமும் விடுமுறை. காலைச் சிற்றுண்டியும் மதியச் சத்துணவும் பள்ளியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் மூன்று வேளையும் வீட்டில் சாப்பிடுவார்கள். வருமானம் நிற்பது, மீன் விலை ஏறுவது, சாப்பிடும் வாய் கூடுவது ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் வருகின்றன. எங்கள் குழுவில் ஆண்டின் மிகப் பெரிய கடன் தொகைகள் வைகாசியில் எழுதப்படுவதற்கு இதுவே காரணம். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல விரும்பும் எல்லாவற்றிலும் முதன்மையானது, அந்த 61 நாட்களுக்கான சமையலைத் தைப்பொங்கல் அன்றே தொடங்கிவிட வேண்டும் என்பதுதான்.

தைப்பொங்கலிலிருந்து தடை தொடங்கும் வரை 13 வாரங்கள் இருக்கின்றன. வாரம் 300 ரூபாய் ஒதுக்கினால் 3,900 ரூபாய் சேரும். அதைப் பணமாக வைத்திருந்தால் வேறு தேவைக்குப் போய்விடும் என்பதால், பங்குனிக்குள்ளேயே பருப்பாகவும் எண்ணெயாகவும் கருவாடாகவும் மாற்றிவிடுவது நல்லது. தடைக்கால நிவாரணத் தொகையை 8,000 ரூபாயாக உயர்த்தும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் நம் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் வெளியானது. அந்தப் பணம் வந்ததும் பழைய பாக்கிக்கே முழுவதும் போய்விடாமல் இருக்க வேண்டுமானால், சாமான் முன்கூட்டியே வீட்டில் இருக்க வேண்டும். மழைக்காலத்துக்கும் ஓர் ஏற்பாடு உண்டு: சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நாம் 1,500 ரூபாய் கட்டினால், மத்திய அரசும் மாநில அரசும் தலா 1,500 சேர்த்து 4,500 ரூபாயாகத் திரும்பக் கொடுக்கின்றன. மீனவப் பெண்களுக்கும் தனியாக இத்திட்டம் இருப்பதால், மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தடைக்காலச் சமையலில் மீனின் இடத்தை நிரப்ப முட்டையும், தட்டைப்பயறும், மொச்சையும், கொண்டைக்கடலையும் உதவும். வாரத்தில் இரண்டு நாள் முட்டைக் குழம்பு, இரண்டு நாள் பயறு போட்ட புளிக்குழம்பு, இரண்டு நாள் கருவாடு, ஒரு நாள் மட்டும் பச்சை மீன் என்று எங்கள் வீட்டில் வைத்திருக்கிறோம். மொச்சையும் கத்தரிக்காயும் நெத்திலிக் கருவாடும் சேர்ந்த குழம்பு இருந்தால் ஐந்து பேருக்கு நூறு கிராம் கருவாடே போதும்.

கருவாட்டை வீட்டிலேயே போடலாமா?

மாசி, பங்குனியில் போடலாம். ஐப்பசி, கார்த்திகையில் முயல வேண்டாம், ஈரக்காற்றில் புழு வைத்துவிடும். நெத்திலி, காரல் போன்ற சிறு மீனை நன்றாகக் கழுவி, உப்பு அதிகம் இல்லாமல் வெயிலில் உலர்த்தினாலே போதும். சற்றுப் பெரிய மீனாக இருந்தால் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துவிட்டு, நாலு பங்கு மீனுக்கு ஒரு பங்கு கல்லுப்பு என்று அடுக்கி, ஓர் இரவும் பகலும் ஊறிய பிறகு கழுவிக் காயப்போட வேண்டும். மணலில் போடாதீர்கள். பழைய வலையை நாலு கம்பில் இழுத்துக் கட்டி, இடுப்பு உயரத்தில் போட்டால் கீழிருந்தும் காற்று புகும். மண் ஒட்டாது, நாயும் வாய் வைக்காது. வாலிநோக்கம் பக்கத்தில் உப்பளம் இருக்கிற மாவட்டம் இது. கல்லுப்பு மலிவாகவே கிடைக்கும். ஆனால் அன்றாடச் சமையலுக்கு அயோடின் சேர்த்த உப்பையே பயன்படுத்துங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை கழுவி, குழம்புக்குத் தனியாக உப்புப் போடாமல் வைக்கலாம்.

பருப்பு வேக நேரமாகிறது, சிலிண்டர் சீக்கிரம் தீர்கிறது. என்ன செய்வது?

பருப்பைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். நம் பகுதியில் பல கிணறுகளிலும் போர்வெல்களிலும் வருவது உப்புத் தண்ணீர். அதில் உள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் பருப்போடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகின்றன. எத்தனை விசில் விட்டாலும் மசியாத பருப்பு, காவிரிக் கூட்டுக்குடிநீரில் நாலு விசிலில் மசியும். குடம் தண்ணீருக்குக் காசு கொடுக்கிற ஊரில் சமையல் முழுவதற்கும் நல்ல தண்ணீரைச் செலவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே பருப்பும் பயறும் ஊறவைக்கவும் வேகவைக்கவும் மட்டும் நல்ல தண்ணீரை எடுத்துக்கொண்டு, அரிசி, மீன், பாத்திரம் ஆகியவற்றின் முதல் கழுவலுக்குக் கிணற்றுத் தண்ணீரை வைத்துக்கொள்ளலாம். துவரம்பருப்பை அரை மணி நேரமும், கொண்டைக்கடலையையும் மொச்சையையும் முந்தின இரவிலிருந்தும் ஊறவைக்க வேண்டும். புளியும் தக்காளியும் பருப்பு மசிந்த பிறகே சேர வேண்டும்.

கொல்லைப்புறத்தில் இடம் உள்ளவர்கள், சுடுதண்ணீர் காய்ச்சுவதற்கும் நெல் அவிப்பதற்கும் சீமைக்கருவேல விறகையும் தென்னை, பனை மட்டைகளையும் பயன்படுத்தி சிலிண்டரைப் பத்து நாளாவது தள்ளிப்போடலாம். அடைத்த அடுப்படிக்குள் மட்டும் விறகு எரிக்காதீர்கள். அந்தப் புகை கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கும்.

மிளகாய், மல்லி, புளி ஆகியவற்றை ஆண்டுக்கு ஒரு முறை வாங்குவது லாபமா?

நம் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு நிச்சயமாக லாபம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் நம் மண்ணில் விளைவது. மாசியில் தொடங்கிச் சித்திரை, வைகாசி வரை பழம் எடுப்பார்கள். வரத்து அதிகமாக இருக்கும் பங்குனி, சித்திரையில் பரமக்குடி, முதுகுளத்தூர், ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து விவசாயிகளிடமோ சந்தையிலோ நேரடியாக வாங்கினால், பொட்டலப் பொடியின் விலையில் ஏறத்தாழ பாதிக்கு மசாலா தயாராகிவிடும். முண்டு நல்ல நிறமும் தோல் கனமும் கொடுக்கும். காரம் அதிகம் வேண்டுமானால் சம்பா மிளகாய் ஒரு பங்கு சேர்க்கலாம். புளியும் அதே பருவத்தில்தான் உதிரும். கொட்டை எடுத்து, உப்புத் தூவி, மண் சாடியில் அழுத்தி வைத்தால் அடுத்த பருவம் வரை நிற்கும்.

கடல் காற்றில் ஈரமும் உப்பும் கலந்திருப்பதால் சேமிப்பில் அக்கறை வேண்டும். ஓராண்டு நான் விலை குறைந்திருக்கிறதே என்று பத்து கிலோ துவரம்பருப்பை ஆவணியில் வாங்கி வைத்தேன். கார்த்திகை மழையில் அது முழுவதும் வண்டு வைத்து, பாதிக்கு மேல் கோழிக்குப் போயிற்று. அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு மேல் பருப்பு வைப்பதில்லை. மிளகாயை மட்டும் மொறுமொறுவென்று காயவைத்து, மூடி இறுகிய டப்பாவில் பாதியை முழு மிளகாயாகவும் பாதியைப் பொடியாகவும் வைக்கிறேன். பூசணம் பிடித்த மிளகாயையும் கடலையையும் துடைத்துப் பயன்படுத்தக் கூடாது. பூசணத்தின் நச்சு கல்லீரலைக் கெடுக்கும்.

அரிசியை மூட்டையாக வாங்குவதா, சில்லறையாக வாங்குவதா?

வீட்டில் நாலு பேருக்கு மேல் இருந்தால் மூட்டைதான். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையுள்ள பொட்டல அரிசிக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது. 26 கிலோ மூட்டைகள் சந்தைக்கு வந்ததற்குக் காரணம் அதுவே. இரண்டையும் ஒப்பிடும்போது கிலோ விலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். தையில் அறுவடை முடிந்தவுடன், தெரிந்த விவசாயியிடம் நெல்லாக வாங்கி அரைத்துக்கொள்வது இன்னும் மலிவு. திருப்புல்லாணிப் பக்கத்தில் விளையும் சித்திரைக்கார் சிவப்பரிசி கஞ்சிக்கும் புட்டுக்கும் மிக நல்லது, வயிறும் நெடுநேரம் தாங்கும்.

காய்கறியில் எப்படி மிச்சப்படுத்துவது?

மதுரை, ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வண்டியேறி வருகிற காய்க்கு, பாம்பன் பாலம் தாண்டும்போது விலை இன்னும் கூடிவிடும். ராமநாதபுரத்துக்கு வேறு வேலையாகப் போகிறவர்கள் உழவர் சந்தையில் ஒரு வாரக் காயை வாங்கி வரலாம். மழை மாதங்களில் தக்காளி விலை ஏறும்போது புளியையும் மாங்காய் வற்றலையும் கொண்டு சமைக்கலாம். மணல் மண்ணிலும் முருங்கை நன்றாக வளரும்; வாசலில் ஒரு மரம் இருந்தால் வாரத்தில் இரண்டு நாள் கீரை விலையில்லாமல் கிடைத்துவிடும்.

பள்ளிக்கூடச் சாப்பாட்டைப் பிள்ளைகளுக்கு நம்பிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகக் கொடுக்கிறார்கள். மதியம் முட்டையோடு சத்துணவு இருக்கிறது. அங்கே சாப்பிட்ட பிள்ளைக்கு வீட்டிலும் அதே நேரத்துக்குச் சமைத்து வீணாக்குவதை விட, மாலை நாலு மணிப் பசிக்கு வேகவைத்த பயறோ, தையில் பனங்கிழங்கோ கொடுத்தால் ஐந்து ரூபாய்ப் பாக்கெட் தின்பண்டத்துக்குக் கை நீளாது.

சிறுதானியமும் கருப்பட்டியும் செலவைக் குறைக்குமா?

உடம்புக்கு நல்லவை, ஆனால் எல்லாமே சிக்கனம் என்று சொல்வதற்கில்லை. தீட்டிய குதிரைவாலியும் வரகும் கடையில் அரிசியை விட விலை கூடுதல். கேழ்வரகும் கம்பும் மட்டும் கைக்கு அடக்கமாகக் கிடைக்கும், கூழாகக் கரைத்தால் ஒரு கிலோ நிறையப் பேருக்கு வரும். கருப்பட்டி சர்க்கரையை விடப் பல மடங்கு விலை. சாயல்குடிப் பக்கத்துப் பனைத் தொழிலாளியிடம் பதநீர்ப் பருவத்தில் வாங்கினால் கலப்படம் குறைவு, அவருக்கும் முழு விலை கிடைக்கும். அதைச் சிக்கனத்துக்காக அல்லாமல், மருந்துபோல் சிறிதளவு வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சமான சோற்றையும் குழம்பையும் என்ன செய்வது?

இரவுச் சோறு ஆறியவுடனே தண்ணீர் ஊற்றி, மூடி, குளிர்ந்த இடத்தில் வைத்தால் காலைக்கு நீச்சத்தண்ணியும் பழைய சோறும் ஆகிவிடும்; சின்ன வெங்காயமும் நேற்றைய கருவாட்டுக் குழம்பும் இருந்தால் காலையில் அடுப்பே மூட்ட வேண்டாம். தண்ணீர் ஊற்றாமல் பாத்திரத்திலேயே இரவெல்லாம் கிடந்த சோற்றை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். புளி போட்டு வைத்த மீன் குழம்பு மறுநாள் ருசி கூடும் என்பது உண்மை. இரவில் ஒரு கொதி, காலையில் ஒரு கொதி விட்டு, மண் சட்டியிலேயே வைத்து, கை படாத கரண்டியால் எடுக்க வேண்டும். தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பு நம் வெயிலில் அவ்வளவு நேரம் தாங்காது. ஆகவே அதை அன்றைக்கு ஆகிற அளவுக்கே வைத்து, பொழுது சாய்வதற்குள் தீர்த்துவிட வேண்டும்.